மறுபடி கேட்பார்கள் என்று

"நோ, நோ, தேங்க்யூ" என்று கோகிலவாணி சொன்னதும் அந்தச் சாம்பல் நிறக் காரின் கண்ணாடி மேலே ஏறத் தொடங்கியது. ஏறட்டும், பாதியில் நிற்கும் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நிற்கவில்லை. உள்ளே இருந்த பெண்மணிக்கு அறுபது வயதிருக்கும், நரைத்த கிராப்பு, சிவப்பு மப்ளர். ஒரு தரம் தலையை அசைத்துச் சிரித்துவிட்டு, பனியை நெரித்துக்கொண்டு போயே போய்விட்டாள். பின்விளக்கு இரண்டும் வளைவு வரைக்கும் தெரிந்தன, பிறகு அதுவும் இல்லை. கோகிலாவின் முகத்தில் அந்த மரியாதைச் சிரிப்பு மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, குளிரில் அதைச் சட்டென்று கழற்றவும் முடியவில்லை. அடக் கடவுளே, இவ்வளவுதானா? "பரவாயில்லை, ஏறுங்க" என்று இன்னும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? கேட்டிருந்தால் இவள் "இருக்கட்டுங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றிருப்பாள். மூன்றாவது தரம் கேட்டால் ஏறியிருப்பாள். பிறந்ததிலிருந்து அவள் பார்த்த அத்தனை பேரும் அப்படித்தான் ஏறினார்கள், அப்படித்தான் சாப்பிட்டார்கள், கல்யாண வீட்டில் இரண்டாவது ஜாங்கிரியைக்கூட அப்படித்தான் வாங்கிக்கொண்டார்கள். முதல் "வேண்டாம்" வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி, உள்ளே வருவதற்கு முன்னால் செய்கிற காரியம். செருப்பைக் கழற்றியவளைப் பார்த்து "சரி, போயிட்டு வா" என்று கதவைச் சாத்துகிற ஊர் ஒன்று பூமியில் இருக்கும் என்று திருப்பூரில் யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

மணி நான்கு பன்னிரண்டு. வானத்துக்கு அது தெரியாது. ஸ்வீடனின் வடக்கே டிசம்பர் மாதத்துச் சூரியன் மதியச் சாப்பாட்டோடு வீட்டுக்குப் போய்விடுகிற அரசாங்க உத்தியோகஸ்தன், அதற்குப் பிறகு எல்லாமே விளக்கு வெளிச்சம்தான். ஐந்து மணிக்குப் பாலர் பள்ளியை மூடுவார்கள். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பேருந்தில் பதினைந்து நிமிடம், நடந்தால் ஒன்றேகால் மணி நேரம். அங்கே சஷ்டிகா இந்நேரம் தன் பெயர் எழுதிய கொக்கிக்குக் கீழே உட்கார்ந்திருப்பாள், நாலு வயது, கையுறையை எப்போதும் இடது வலது மாற்றிப் போட்டுக்கொள்வாள். அவள் கணவர் ஊரில் இல்லை. சுரங்கக் கம்பெனியின் கம்ப்யூட்டர் வேலையாக முன்னூறு கிலோமீட்டர் மேலே போனவர் வெள்ளிக்கிழமைதான் வருவார். போன் செத்துவிட்டது. ஸ்வீடிஷ் வகுப்பை விட்டு வெளியே வரும்போது முப்பத்தெட்டு சதவீதம் சார்ஜ் இருந்தது, எடுத்துப் பார்ப்பதற்குள் கறுத்துப்போய்விட்டது. இந்தக் குளிரில் மனுஷரைவிட முதலில் போன்தான் உயிரை விடுகிறது. ஆக, குழந்தையைக் கூட்டி வர இந்த ஊரில் இவள் ஒருத்தி, இவளுக்கு ஒரு பேருந்து, அது ஆறாம் எண், அது வரவில்லை. போன மாதம் ஒருநாள் எட்டு நிமிடம் தாமதம். போன வாரம் பன்னிரண்டு நிமிடம். அன்றைக்கு டீச்சர் சிரித்துக்கொண்டேதான் பேசினாள், ஆனால் கையில் இருந்த பலகை போன்ற கம்ப்யூட்டரில் என்னமோ எழுதினாள். அந்த எழுத்துதான் அன்றிலிருந்து இவள் வயிற்றுக்குள் கிடக்கிறது. தமிழ்ப் பெண்கள் வாட்ஸப் குழுவில் ஒரு குரல், யாருடையது என்று தெரியாது, யாரோ யாருக்கோ அனுப்பி யாரோ போட்டது: "லேட்டா போனா குறிச்சு வெச்சுக்குவாங்கப்பா. மூணு தடவை ஆச்சுன்னா ஆபீஸ்லருந்து வீட்டுக்கு வருவாங்க. பிள்ளைய வளக்கத் தெரியலைன்னு கூட்டிட்டே போயிருவாங்க." அந்தக் குரலில் வருத்தம்கூட இல்லை, ரேஷன் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று சொல்கிற குரல். இன்றைக்கும் லேட்டாகப் போனால் மூன்று.

கூட்டிட்டே போயிருவாங்க. எப்படிக் கூட்டிக்கொண்டு போவார்கள்? காரிலா? காரில் குழந்தை இருக்கை வைத்துத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள், இந்த ஊரில் அதெல்லாம் சரியாகச் செய்வார்கள். சஷ்டி அழுவாளா? அழமாட்டாள், அதுதான் பயமே. யார் கையைப் பிடித்தாலும் போகிற பிள்ளை. இப்போதே பால் என்பதற்கும் போதும் என்பதற்கும் இந்த ஊர்ச் சொல்தான் வாயில் வருகிறது. இன்னும் ஆறு மாதம் யார் வீட்டிலாவது இருந்தால் அம்மா என்பதற்கும் அதுதான் வரும். சேச்சே. எதற்கு இப்படியெல்லாம். நிறுத்தத்தின் விளக்குப் பலகையில் ஆறாம் எண்ணுக்கு எதிரே இதுவரை "பத்து நிமிடம்" என்று இருந்தது. இப்போது பார்த்தால் அங்கே எண்ணே இல்லை, நீளமாக ஒரு சொல் இருக்கிறது. வகுப்பில் இன்னும் அந்தச் சொல் வரவில்லை. அவர்கள் இப்போதுதான் பழங்களின் பெயரில் இருக்கிறார்கள், பேரிக்காயையும் ஆப்பிளையும் வைத்துக்கொண்டு இந்தப் பலகையை என்ன செய்வது? பக்கத்தில் நின்ற இரண்டு இளவட்டங்கள் அதைப் பார்த்தார்கள், ஒருத்தன் தோளைக் குலுக்கினான், இரண்டு பேரும் நடந்து போய்விட்டார்கள். அவர்கள் போன பிறகு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அவளுக்கும் தெரிந்துவிட்டது.

எல்லாம் இந்த நாக்கால் வந்தது. நாக்கையும் சொல்லக் கூடாது, தொடையைச் சொல்ல வேண்டும். ஆறு வயதில் அவிநாசியில் பெரியம்மா வீட்டில் முறுக்குத் தட்டை நீட்டினார்கள், இவள் கையை நீட்டிவிட்டாள், அம்மா சிரித்த முகம் மாறாமல் பாவாடைக்கு மேலேயே தொடையில் கிள்ளினாள். வெளியே வந்து, "அவிய கேட்டா ஒடனே கைய நீட்டீருவியா? காணாததைக் கண்ட மாதிரி! வேண்டாமுங்கன்னு சொல்லோணும். அப்பறம் அவியளே குடுப்பாங்க" என்றாள். கொடுத்தார்களே! பொய்யே கிடையாது, அந்த ஊரில் எல்லாரும் கொடுத்தார்கள். பெரியம்மா வீட்டில் கொடுத்தார்கள், பனியன் கம்பெனி முதலாளியம்மா வீட்டுக் கொலுவில் கொடுத்தார்கள், அவர் இவளைப் பெண் பார்க்க வந்தபோது "காப்பி வேண்டாமுங்க" என்று சொன்ன அவருடைய மாமாவுக்கு இரண்டு டம்ளர் கொடுத்தார்கள். இங்கே வந்து நான்கு மாதம். வகுப்பு இடைவேளையில் டீச்சர் ஃபிளாஸ்கை எடுத்து வந்து "காபி?" என்பாள், இவள் "நோ, தேங்க்யூ" என்பாள், டீச்சர் அடுத்த மேசைக்குப் போய்விடுவாள். இரண்டு மாதமாக அந்த அறையில் காபி வாசனையை மட்டும் குடித்துக்கொண்டிருக்கிறாள் இவள். மாடி வீட்டுக்காரர் பனிச்சறுக்குப் பலகையைத் தூக்கி வந்து பெண்ணுக்கு வேண்டுமா என்றார். வேண்டாம் என்றாள். அவரும் நல்ல பிள்ளையாகத் தூக்கிக்கொண்டு மாடிக்கே போனார். சஷ்டி அன்றைக்கு அழுத அழுகைக்கு, "அவர் மறுபடி கேப்பாருன்னு நெனச்சேங் கண்ணு" என்று சமாதானம் சொன்னாள். நாலு வயதுக்கு அது புரியவில்லை. முப்பத்து மூன்று வயதுக்கும் இன்னும் புரியவில்லை என்றுதானே இன்றைக்கு நடுத்தெருவில் நிற்கிறாள்.

நின்று என்ன ஆகப்போகிறது, நடப்போம் என்று நடக்க ஆரம்பித்தாள். வகுப்புக் கட்டடத்துக்குத் திரும்பினால் நாலு மணிக்கு மேல் கதவு எண் கேட்கும், இவளிடம் எண் இல்லை. பூக்கடை மூடியிருந்தது. பக்கத்து முடிதிருத்தகத்தில் வெளிச்சம், உள்ளே ஒருத்தி இன்னொருத்திக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு வெளியே ஒரு கணம் நின்றாள். போன் கொடுங்கள், பள்ளிக்குப் பேச வேண்டும் என்று கேட்கலாம். பள்ளியின் எண்ணும் செத்த போனுக்குள்தான் கிடக்கிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. அதுவும் ஒரு சாக்குத்தான், தேடிக் கொடுங்கள் என்றால் தேடிக் கொடுப்பார்கள். கொடுத்தால் வேண்டாம் என்பதற்குத்தான் வாய் பழகியிருக்கிறது. கொடு என்று கேட்பதற்கு அதைவிடப் பெரிய வாய் வேண்டும், அது இவளுக்கு முளைக்கவே இல்லை. கடையைத் தாண்டினாள். மணி நான்கு இருபது. பனி பூட்சுக்கடியில் உப்பை மிதிக்கிற மாதிரி நறநறத்தது. வேகமாக நடந்தால் ஒரு மணி நேரம். ஓடினால்? ஓடினால் விழுவாள், விழுந்து கால் போனால் அவர்கள் குறித்துக்கொள்வதற்கு இன்னும் வசதி. மூச்சு உள்ளே போகும்போது மூக்கு மயிர் ஒட்டிக்கொண்டு வெளியே வரும்போது விட்டது. அந்தக் கார்க் கண்ணாடி மேலே ஏறி முடிகிற இடத்தில் ஒரு சின்னச் சத்தம் கேட்டதே, டக் என்று. அது காதிலேயே இருக்கிறது. கதவுக்குத் தாழ் போடுகிற சத்தம். வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம். பாலத்தைப் பார்த்து நட.

இந்த ஊர்க்காரர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று மட்டும் சொல்ல முடியாது, சொன்னால் வாய் அழுகிவிடும். வந்த அன்றைக்கே ரயிலில் ஏற நிற்கும்போது ஒருவன், தாடிக்காரன், கேட்காமல் கொள்ளாமல் இருபத்து மூன்று கிலோ பெட்டி இரண்டையும் தூக்கி உள்ளே வைத்துவிட்டு வேறு கோச்சில் போய் ஏறிக்கொண்டான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேட்காமல் செய்தான், அதனால்தான் நடந்தது. கேட்டிருந்தால் இவள் அதையும் வேண்டாம் என்றிருப்பாள். அப்படிச் செய்தவனைத் திருடன் என்று நினைத்து நான்கு நிலையம் தாண்டும் வரை பெட்டிகளை மாறி மாறித் தொட்டுக்கொண்டே வந்தாள். மூன்றாவது மாதம் வீட்டுக் கதவுப் பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே குழந்தையின் பனி உடுப்பு, நீல நிறம், துவைத்து மடித்தது, காலரில் யாரோ ஒரு பிள்ளையின் பெயர் தைத்திருந்தது. கடிதம் இல்லை, யார் வைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. யாரோ போட்டுக் கழித்ததை எதற்கு நம் வாசலில் மாட்ட வேண்டும்? அந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ, உயிரோடு இருக்கிறதோ இல்லையோ? இரண்டு நாள் அதை வீட்டுக்குள் எடுக்கவே இல்லை. மூன்றாம் நாள் மைனஸ் பன்னிரண்டு, எடுத்து மாட்டினாள், தைத்து வைத்தாற்போல் இருந்தது. இன்றைக்கும் சஷ்டி அதைத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முகம் தெரியாதவர்கள் செய்தது இவ்வளவு. நன்றி சொல்ல ஆள் இல்லை, திருப்பிச் செய்ய வழி இல்லை. அதை நினைத்தால் சந்தோஷம் வருவதற்குப் பதில் நெஞ்சில் ஒரு கூச்சம் வருகிறது, இது தனக்கு வந்திருக்க வேண்டியது இல்லை, விலாசம் மாறி வந்துவிட்டது, ஒருநாள் யாராவது கதவைத் தட்டி, உன்னைப் பற்றி எங்களுக்குத் தெரியும் என்று திரும்பக் கேட்பார்கள் என்று. என்ன தெரியும்? திருப்பூரில், அனுப்பர்பாளையத்து லைன் வீட்டில் நடந்தது இங்கே யாருக்குத் தெரியும்? நட, நட.

பாலம் வந்துவிட்டது. பாலத்தில் காற்று. ஆறு கீழே உறைந்து கிடக்கிறது என்கிறார்கள், இருட்டில் வெறும் வெள்ளை. கதவுக்குத் தாழ் போட்டது ஏப்ரல் மாதம், வெள்ளிக்கிழமை, பகல் பதினொன்றரை. தள்ளித் தள்ளி வைத்தாலும் வந்துவிட்டது, வரட்டும். தலையில் எண்ணெய் வைத்திருந்தாள், வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஒடியாக்காரி வாசலில் வந்து நின்றாள். அவர்களை ஒடியாக்காரர்கள் என்று வீட்டு ஓனர் ஒருவர்தான் சொல்வார். மற்றவர்களுக்கெல்லாம் அவள் இந்திக்காரி, அவள் புருஷன் இந்திக்காரன், கம்பெனியில் டைலர். பதினாலு மாதம் ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்தார்கள். அவள் சப்பாத்தி தட்டுவது இங்கே கேட்கும், இங்கே மிக்ஸி ஓடுவது அங்கே கேட்கும். அன்றைக்கு இடுப்பில் பிள்ளை, குட்டு என்று கூப்பிடுவாள், ஒன்றரை வயதிருக்கும், எப்போது பார்த்தாலும் கொலுசை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வாசல் ஓடுகிற பிள்ளை, அன்றைக்குத் தலையைத் தோளில் போட்டுக் கண்ணைத் திறக்காமல் கிடந்தது. "காச்சல், தீதி" என்றாள், அக்கா என்பதை அப்படித்தான் சொல்வாள். கோகிலா தொட்டுப் பார்த்தாள். அந்தச் சூடு. தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோன மாதிரி. "ஆஸ்பத்திரிக்குப் போலாமா? நானு ஸ்கூட்டில கொண்டுபோய் உடட்டுமா?" என்று கேட்டாள். கேட்டாளா இல்லையா? கேட்டாள், சத்தியமாகக் கேட்டாள், கையை முறுக்கிக் காட்டி ஸ்கூட்டர் என்று சைகைகூடக் காட்டினாள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "நஹீ, நஹீ, தீதி" என்றாள்.

அவ்வளவுதான். கேட்டாயிற்று, வேண்டாம் என்றாள், ஒரு மனுஷி வேறு என்ன செய்ய முடியும்? இதைத்தானே ஐந்தாறு வருஷமாக நெஞ்சுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்றைக்கும் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள், இன்றைக்கு அது நிற்கவில்லை. ஏனென்றால் அந்த "நஹீ" எது என்று கோகிலாவுக்குத் தெரியும். அது அவிநாசிப் பெரியம்மா வீட்டு "வேண்டாமுங்க". அதே தலைகுனிவு, அதே கழுத்துச் சாய்வு, அவளுடைய அம்மாவும் ஒடிசாவில் எங்கேயோ அவள் தொடையில் கிள்ளியிருப்பாள். வேண்டாம் என்கிறவள் எதற்குக் கொளுத்துகிற வெயிலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள்? வேண்டாம் என்ற பிறகும் போகாமல் நின்றாளே, எவ்வளவு நேரம்? பத்து எண்ணுகிற நேரம். இரண்டாம் தடவை கேட்பார்கள் என்றுதான் நின்றாள். அது தெரிந்தது. தெரிந்துமே தலையில் எண்ணெய், வெந்நீர், திரும்பி வரும்போது இரண்டு மணி ஆகும், ஆஸ்பத்திரியில் இந்தியில் யார் பேசுவது, இப்படி வரிசையாக வந்தது. அப்பாடா, வேண்டாம் என்றுவிட்டாள் என்று உள்ளே ஒரு நிம்மதி வந்தது. ஆமாம், நிம்மதி. அதைத்தான் இத்தனை நாளாக யாரிடமும், அவரிடம்கூட, சொல்லவில்லை. "செரி, அப்பறம் சொல்லு" என்று காய்ச்சல் மாத்திரை இரண்டைக் கையில் கொடுத்துக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். டக். அன்றைக்குச் சாயங்காலம் அந்த வீடு பூட்டியிருந்தது. அடுத்த வாரம் கம்பெனி ஆள் வந்து பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனான். "ஊருக்குப் போயிட்டாங்களாம்" என்றார் வீட்டு ஓனர். பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கேட்காமல் இருந்தால் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா? அடுத்த வருஷம் சஷ்டி பிறந்தாள். சஷ்டிக்கு ஒவ்வொரு தரம் உடம்பு சுடும்போதும் கை முதலில் அந்தச் சூட்டைத்தான் நினைத்துக்கொண்டது.

பாலம் முடிகிற இடத்தில் விளக்குக் கம்பத்துக் கடிகாரம் நான்கு ஐம்பத்தொன்று. இன்னும் பாதித் தூரம்கூட வரவில்லை. விரல் நுனிகள் முதலில் வலித்து, இப்போது வலிக்கவும் இல்லை. அப்படியானால் இது கணக்கு நேர்செய்கிறதா? நீ ஒரு பிள்ளைக்கு இரண்டாம் தடவை கேட்கவில்லை, உன் பிள்ளைக்கு இன்றைக்கு இரண்டாம் தடவை யாரும் கேட்கவில்லை. அப்படியெல்லாம் சாமி பண்ணுமா? பண்ணுமோ என்னமோ. சஷ்டி என்ன பண்ணினாள் பாவம், கையுறையை மாற்றிப் போட்டதைத் தவிர. சாமி, என்னை என்ன வேணாப் பண்ணு, புள்ளைய மட்டும் ஒண்ணும் பண்ணீராதே என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். பத்தடி ஓடியிருப்பாள். பின்னாலிருந்து வந்த வெளிச்சம் அவளைத் தாண்டி, மெதுவாகி, ஓரமாக நின்றது. சாம்பல் நிறக் கார். கண்ணாடி இறங்கியது. சிவப்பு மப்ளர்.

"ஆறாம் எண் ஏழு மணிவரைக்கும் கிடையாது, ஓட்டுநர் இல்லையாம்" என்றாள் அந்தப் பெண்மணி, மெல்ல, ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லாக எடுத்து வைத்து. "வீட்டுக்குப் போய்ப் போனில் பார்த்தேன். நீங்கள் வேண்டாம் என்றீர்கள், எனக்குக் கேட்டது. ஆனாலும் மறுபடியும் கேட்கிறேன். தப்பாக நினைக்காதீர்கள். ஏறிக்கொள்கிறீர்களா?"

மறுபடியும் கேட்கிறேன். அந்தச் சொற்கள் காதில் விழுந்ததும் கோகிலா காரை நோக்கி ஒரு அடி வைத்தாள். அப்படியும் பாருங்கள், இந்தப் பாழாய்ப்போன நாக்கு, "இருக்கட்டுங்க" என்று தொண்டை வரைக்கும் வந்தேவிட்டது. இரண்டாம் தடவைக்கும் மரியாதை ஒன்று உண்டே, மூன்றாம் தடவைதானே ஏற வேண்டும்! பல்லைக் கடித்துக்கொண்டாள். வாயை நம்பாமல் கையை நீட்டிக் கார்க் கதவைத் திறந்து உட்கார்ந்தாள், காணாததைக் கண்ட மாதிரி. உட்கார்ந்த பிறகு அழுகை வந்தது. அந்தப் பெண்மணி சூடான காற்றை அவள் கைப் பக்கம் திருப்பிவிட்டாள்.

"என் குழந்தை. பள்ளி. ஐந்து மணி" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

"சரியாகப் போய்விடுவோம். என் பெயர் குனில்லா. உங்கள் பெயர்?"

"கோகிலவாணி."

"கோ... கி..." என்று அவள் சிக்கினாள். "மன்னியுங்கள், இன்னொரு தரம் சொல்லுங்கள்." சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தி, உதட்டைக் குவித்து, மூன்று தரம் சொல்லிப் பார்த்து, மூன்றாம் தரம் கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுச் சிறு பெண்ணைப் போல மகிழ்ந்தாள். கோகிலா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு ஐம்பத்தாறு. ஐம்பத்தொன்பது. இந்தப் பெண்மணி வீடு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறாள், கோட்டைக்கூடக் கழற்றியிருக்க மாட்டாள். எதற்கு? இவள் யார் அவளுக்கு? இந்தியாக்காரி, முகத்தில் பாதி மப்ளர், பெயரே வாயில் நுழையவில்லை. ஓடியாவது போ என்று விட்டுவிட்டு டீ போட்டிருக்கலாம். நிம்மதியாக இருந்திருக்கலாம், கேட்டாயிற்று, வேண்டாம் என்றாள் என்று.

பள்ளி வாசலில் இறங்கும்போது ஐந்து நான்கு. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நீல உடுப்பும் மாறிப்போன கையுறையுமாகச் சஷ்டி கொக்கிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் டீச்சர் முழங்காலில் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆபீசிலிருந்து யாரும் வரவில்லை. "பேருந்து ஓடவில்லை என்று பார்த்தோம், எவ்வளவு நேரமானாலும் இருந்திருப்போம்" என்றாள் டீச்சர். கம்ப்யூட்டர் பலகையில் என்ன எழுதினாய் என்று இப்போது கேட்கலாம் என்று கோகிலாவுக்குத் தோன்றியது, கேட்டாள். டீச்சர் விழித்தாள், யோசித்தாள், பிறகு சிரித்துவிட்டாள். பிள்ளை எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனது என்று எல்லாப் பிள்ளைக்கும் எழுதுவதுதானாம். இத்தனை நாள் வயிற்றுக்குள் கிடந்தது இவ்வளவுதானா! சிரிப்பு வரவில்லை. அந்தப் பயம் எழுந்து போன இடம் காலியாக இல்லை, அதற்குக் கீழே இருந்தது அப்படியே இருந்தது. மகளை இறுக்கிக்கொண்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சுடவில்லை.

குனில்லா காத்திருந்து, இருவரையும் அவர்கள் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். கோகிலா இறங்கிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து, "உள்ளே வாருங்கள், ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம்" என்றாள்.

"இல்லை, வேண்டாம், நன்றி."

இந்த ஊர் "வேண்டாம்" எது என்று இப்போது தெரியும். ஆனாலும் விட மனசில்லை. "மறுபடியும் கேட்கிறேன்" என்றாள்.

குனில்லா அவளை நன்றாகப் பார்த்தாள். "நிஜமாகவே வேண்டாம், கோ-கி-லா. என் நாய் தனியாக இருக்கிறது. இன்னொரு நாள் வருகிறேன்." கையை ஆட்டினாள். கண்ணாடி மேலே ஏறியது. டக்.

பின்விளக்குகள் தெரு முனையில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் தடவை பாக்கி இருந்தது. கார் போனபிறகுதான் அது வாயைத் திறந்துகொண்டு வந்தது, ஆங்கிலத்தில் இல்லை, அனுப்பர்பாளையத்துப் பேச்சில். "அட வேண்டாங்காதே, வா. புள்ளையத் தூக்கிட்டு வந்து வண்டீல ஏறு. நாங் கொண்டுபோய் உடறேன்."

சஷ்டி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "யாருகிட்டம்மா பேசற?"

"பக்கத்து வூட்டு அக்காகிட்ட, கண்ணு."

பிள்ளை தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தது. வெறும் பனி. அந்தப் பள்ளியில் புதிதாக ஒருவரைப் பற்றிப் பேசினால் முதலில் கேட்க வேண்டியது என்னவென்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அதைக் கேட்டது.

"அவங்க பேரு என்னம்மா?"

கோகிலா வாயைத் திறந்தாள். பதினாலு மாதம், ஒரே சுவர். பிள்ளையின் பெயர் குட்டு என்று தெரியும்.